வீவக வீட்டுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்: சுவரையும் கணக்கில் சேர்த்துக் கட்டுவோம்

ஸ்பீக்கர் கட்ட ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த வூஃபர் வாங்கலாம் அண்ணே?" என்பதுதான். வூஃபர் என்றால் கீழ்ச் சுரங்களைத் தரும் பெரிய கூம்பு. நான் திருப்பிக் கேட்பது, "எங்கே வைக்கப் போறீங்க?" பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: நான்கறை வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில், டிவி கன்சோல் மேலே, சுவரை ஒட்டி. இல்லாவிட்டால் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் படுக்கையறையில் மேசை மேலே. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இதை விட்டால் வேறு இடம் கிடையாது.

வெளிநாட்டுக்காரர்கள் வரைந்து வைத்திருக்கும் நல்ல வடிவமைப்புகளில் பல, பெட்டியைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, ஸ்டாண்ட் மேல் நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே கட்டிக் கொண்டுவந்து நம் கான்கிரீட் சுவரோடு ஒட்டி வைத்தால் கீழ்ச் சுரங்கள் தடித்துப்போகும். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி நறுக்கென்று நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும். பாடகர் குடத்துக்குள் வாயை வைத்துப் பாடுவதுபோல இருக்கும். காசு கொட்டி வாங்கிய உறுப்புகள் எல்லாம் நல்லவைதான். பெட்டி மட்டும் இந்த வீட்டுக்கானது இல்லை. அதனால் நான் ஸ்பீக்கர் கட்டும்போது சுவரையும் ஓர் உறுப்பாகவே எடுத்துக்கொள்கிறேன். செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் மின்வேலை பார்த்தவன் நான். வயரும் சால்டரும் கைப்பழக்கம், மரவேலை பின்னால் கற்றுக்கொண்டது. இரண்டும் ஓரளவு தெரிந்த யாரும் இதைச் செய்யலாம்.

கட்டப் போவது இதுதான்: 5 அங்குல வூஃபர் ஒன்று, மேல் சுரங்களுக்கு 1 அங்குல டோம் ட்வீட்டர் ஒன்று, காற்றுப் புகாமல் முழுக்க மூடிய பெட்டி. இந்த மூடிய பெட்டி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

குழாய் வைத்த பெட்டி கூடுதலாகக் கொஞ்சம் கீழ்ச் சுரம் தரும், உண்மை. ஆனால் குழாயின் சுருதிக்குக் கீழே போனதும் சத்தம் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் வீதம் சரிந்துவிடும். மூடிய பெட்டியில் 12 டெசிபல்தான். கதவு சன்னல் மூடிய சின்ன அறை, அதுவும் கான்கிரீட் அறை, அடிமட்டச் சுரங்களைத் தானே தூக்கிக் கொடுக்கும். மூடிய பெட்டியின் மெதுவான சரிவும் அறையின் தூக்கலும் ஒன்றோடொன்று பொருந்திப்போகும். குழாய்ப் பெட்டியைச் சுவரோரம் வைத்தால் தூக்கலுக்கு மேல் தூக்கல். அதோடு கீழ் வீட்டு ஆன்ட்டியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மேல் சுரங்களைக் கதவு தடுக்கும், திரைச்சீலை தடுக்கும். 40 ஹெர்ட்ஸைத் தரைப்பலகம் அப்படியே கீழே இறக்கிவிடும். குரலும் வீணையும் மிருதங்கமும் நாகசுரமும் பழைய திரைப்பாட்டும் கேட்கிறவர்களுக்கு 60, 70 ஹெர்ட்ஸ் வரை சுத்தமாக வந்தாலே வீடு நிறைந்துவிடும்.

உறுப்பு வாங்குவது

நம் ஊரிலிருந்து பார்த்தால் பக்கத்திலேயே நல்ல வூஃபர் கிடைக்கிறது. எஸ்பி அகூஸ்டிக்ஸ் இந்தோனேசியாவின் சுரபாயாவில் தயாராகிறது. வடிவமைப்பில் டென்மார்க்கின் கை இருக்கிறது. இதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. எதை வாங்கினாலும் தயாரிப்பாளர் தரும் தரவுத் தாளில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: எஃப்எஸ் (Fs, கூம்பு தானாக அதிரும் சுருதி), கியூடிஎஸ் (Qts, அந்த அதிர்வு எவ்வளவு அடங்கி நிற்கிறது என்பது), விஏஎஸ் (Vas, கூம்பின் தொங்கலுக்கு ஈடான இளக்கம் உள்ள காற்றின் அளவு). ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வெளியிட்டு, ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் விரித்தெழுதிய கணக்கு இந்த எண்களை வைத்துத்தான் நடக்கிறது. இவை இல்லாத வூஃபர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பெட்டியை எந்த அளவில் செய்வது என்றே தெரியாது.

இன்னொன்று, நம் பருவநிலைக்கு ரொம்ப முக்கியம்: கூம்பின் ஓரத்தில் இருக்கும் வளையம் ரப்பராக இருக்கட்டும். ஃபோம் வளையம் இந்த ஈரக் காற்றில் சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பொடியாக உதிரும். பழைய ஸ்பீக்கரை வாங்கப் போகிறவர்கள் முதலில் விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

கப்பாசிட்டர், ரெசிஸ்டர், டெர்மினல், வயர் எல்லாவற்றுக்கும் சிம் லிம் டவர் போதும். எதிரே இருக்கும் சிம் லிம் ஸ்குவேர் அல்ல, டவர். பெரிய காயில்களையும் ட்வீட்டரையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நேரலாம். 2023 முதல் 400 வெள்ளிக்குக் குறைவான பொருள்களுக்கும் பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு. அதையும் அஞ்சல் செலவையும் சேர்த்துப் பார்த்தபின் விலையை ஒப்பிடுங்கள்.

பெட்டிக் கணக்கு

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வூஃபரின் எஃப்எஸ் 40 ஹெர்ட்ஸ், கியூடிஎஸ் 0.40, விஏஎஸ் 20 லிட்டர். மூடிய பெட்டிக்குள் போனபின் மொத்த கியூ 0.7 ஆக வர வேண்டும். அதுதான் தடித்தும் போகாமல் மெலிந்தும் போகாமல் நடுவாக நிற்கும் இடம். 0.7ஐ 0.40ஆல் வகுத்தால் 1.75. அதை அதாலேயே பெருக்கினால் 3.06. ஒன்றைக் கழித்தால் 2.06. விஏஎஸ் 20ஐ இதால் வகுத்தால் 9.7 லிட்டர். பெட்டியின் உள்ளளவு இதுதான். எஃப்எஸ் 40ஐ 1.75ஆல் பெருக்கினால் 70 ஹெர்ட்ஸ். அங்கே 3 டெசிபல் இறங்கியிருக்கும். அவ்வளவுதான் கணக்கு. உங்கள் வூஃபரின் எண்களைப் போட்டு நீங்களே பாருங்கள். கிராஸ்ஓவரில் (சுரங்களை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துத் தரும் மின்சுற்றில்) வூஃபருக்குத் தொடராக வரும் காயிலின் மின்தடை கியூவைச் சற்றே உயர்த்தும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி கால் லிட்டர் கூடிப்போனால் கவலை வேண்டாம்.

வூஃபரின் காந்தம், உள்ளே போடும் தாங்கு கட்டை, கிராஸ்ஓவர் மூன்றும் சேர்ந்து ஒரு லிட்டர் இடம் பிடிக்கும் என்று வைத்தால் 10.7 லிட்டர் தேவை. உள்ளகலம் 17, உள்ளாழம் 21, உள்ளுயரம் 30 செ.மீ. என்று எடுத்தால் கச்சிதமாக 10.7 வருகிறது. 18 மி.மீ. பலகையில் செய்தால் வெளியளவு அகலம் 20.6, உயரம் 33.6, ஆழம் 24.6 செ.மீ. கன்சோல் மேல் அடக்கமாக உட்காரும்.

இரண்டு பெட்டிக்கும் சேர்த்து வெட்ட வேண்டியவை: முன், பின் பலகைகள் 20.6க்கு 33.6 செ.மீ. அளவில் நான்கு, பக்கப் பலகைகள் 21க்கு 33.6 அளவில் நான்கு. மேல், கீழ்ப் பலகைகள் 17க்கு 21 அளவில் நான்கு. மேல் கீழ்ப் பலகைகள் பக்கப் பலகைகளுக்கு நடுவே நிற்கும். முன் பின் பலகைகள் எல்லாவற்றையும் மூடும்.

எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்தது) சத்தத்துக்கு நல்ல பலகைதான், விலையும் குறைவு. ஆனால் வெட்டிய ஓரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். நம் ஊர்க் காற்றில் நான் பிளைவுட் பக்கம். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை இல்லாத நல்ல பிர்ச் பிளைவுட் கிடைத்தால் அதுவே சிறந்தது. வாங்கும்போது பலகையின் ஓரத்தைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். அடுக்கில் கறுப்பாக இடைவெளி தெரிந்தால் அந்த இடம் பின்னால் சலசலக்கும்.

அறுப்பதும் ஒட்டுவதும்

நீண்ட நேர்வெட்டுகளை வீட்டில் அறுக்காதீர்கள். சுங்கை காடுட் மாதிரி மரத்தொழில் வட்டாரங்களில், பிளைவுட் கடைகளில் பெரிய பலகை அறுவை இயந்திரம் இருக்கும். அளவுகளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். தவ்கேயிடம் (கடை முதலாளியிடம்) ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: 33.6 நீளம் வரும் எட்டுத் துண்டையும் ஒரே அமைப்பில், இயந்திரத்தின் தடுப்பை நகர்த்தாமல் வெட்ட வேண்டும். அரை மி.மீ. கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை, எட்டும் ஒன்றுபோல இருந்தால் போதும். துண்டுகளாக வெட்டி வாங்கினால் எம்ஆர்டி ரயிலிலேயே கொண்டுவந்துவிடலாம் என்பது இன்னொரு வசதி.

வட்டத் துளைகள்தான் வீட்டில் செய்ய வேண்டிய சத்தமான வேலை. மரம் குடையும் ரூட்டர் இயந்திரமும் வட்டம் வெட்டும் கைச்சட்டமும் இருந்தால் வூஃபரின் சட்டம் பலகையோடு சமமாக உட்காரும்படி பள்ளமும் எடுக்கலாம். வார நாளில் பகல் நேரத்தில் செய்யுங்கள். ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் வீவக வீடுகளில் புதுப்பிப்பு வேலைக்கே அனுமதி கிடையாது. இது அந்தக் கணக்கில் வருமா என்று வாதாடாமல் அதே மரியாதையைக் காட்டினால் நல்லது. நான் முதல் நாளே கீழ் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கதவைத் தட்டிச் சொல்லிவிடுவேன். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. புகைமூட்டக் காலத்துக்கு வாங்கி வைத்த என்95 முகக்கவசம் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பொது நடைபாதையில் மட்டும் வேலை செய்ய வேண்டாம். ரூட்டர் இல்லாதவர்கள் ஒரு தச்சுப்பட்டறையில் துளைகளை மட்டும் கேட்டு வெட்டி வாங்கலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

துளைகளின் இடம்: ட்வீட்டரின் மையம் மேல் விளிம்பிலிருந்து 8 செ.மீ., வூஃபரின் மையம் அதற்குக் கீழே 13 செ.மீ. இரண்டு மையங்களும் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. இரண்டும் கைமாற்றிக்கொள்ளும் 2,200 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலியின் அலைநீளம் 15.6 செ.மீ.தான், மையத் தூரம் அதற்குள் அடங்க வேண்டும். வூஃபர் துளையின் உள்விளிம்பைப் பின்பக்கத்தில் 45 பாகைக்குச் சரித்து விடுங்கள். 18 மி.மீ. பலகையில் நேர்த்துளை மட்டும் இருந்தால் கூம்பின் பின்னால் வரும் காற்று அந்தச் சின்னச் சுரங்கத்தில் திணறும். பலர் விட்டுவிடும் வேலை இது. சரித்த பெட்டியையும் சரிக்காத பெட்டியையும் மாற்றி மாற்றிக் கேட்டால் நடுச்சுரத்தில் வித்தியாசம் தெரியும்.

வெள்ளை மரப்பசையே போதும், ஈரம் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒட்டுவதற்கு முன் பலகைகளைத் தட்டையாக அடுக்கி, வீட்டுக் காற்றில் சில நாள் கிடக்க விடுங்கள். பிறகு நான்கு பக்கத்தையும் ஒட்டி, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து, சமமாக இருந்தால் கிளாம்பை இறுக்குங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு தாங்கு கட்டை, ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் நடுமட்டத்தில். அது பக்கப் பலகையின் சரியான நடுவில் வேண்டாம், சற்று ஒதுங்கியே இருக்கட்டும். பலகை ஒரே சுருதியில் அதிராது. பசை பிதுங்கி வர வேண்டும். வரவில்லை என்றால் போதவில்லை என்று அர்த்தம். முழுதாக இறுக ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

வெளிப்பூச்சை மழை நாளில் தொடாதீர்கள். டிசம்பர், ஜனவரியின் தொடர்மழையில் லாக்கர் அடித்தால் அந்த ஈரத்துக்கு வெளுத்துப் பால்போல் பூக்கும். நீரில் கரையும் வார்னிஷ் வாசனையும் குறைவு, வீட்டுக்குள் அடிக்கவும் சுகம். உப்புத்தாளில் 240ஆம் எண் வரை தேய்த்து, மெல்லியதாக மூன்று பூச்சு.

உள்ளே தலையணைப் பஞ்சு. பாலியெஸ்டர் பஞ்சாக இருக்க வேண்டும். இலவம் பஞ்சு வேண்டாம். அடைத்து அமுக்காமல், உதிர்த்து, பெட்டியை மெத்தென்று நிறைக்கும் அளவுக்குப் போடுங்கள். டெர்மினலைச் சுற்றியும் வூஃபர் சட்டத்தின் அடியிலும் மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டுங்கள்.

வூஃபரைத் திருகும்போது கூம்பின் மேல் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். காந்தம் திருப்புளியை விருட்டென்று இழுக்கும். நுனி கூம்பில் பாய்ந்தால் அந்த வூஃபர் போனதுதான். எல்லாத் திருகையும் இறுக்கியபின் ஒரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. கூம்பின் இரண்டு பக்கமும் விரல் நுனிகளை வைத்து, சமமாக, மிக மெல்ல உள்ளே அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். பெட்டி நன்றாக மூடியிருந்தால் கூம்பு அவசரப்படாமல் ஊர்ந்து திரும்பும். விட்டதும் டக்கென்று வந்தால் எங்கோ கசிகிறது: பெரும்பாலும் டெர்மினல், சில நேரம் பின்பலகையின் மூலை.

கிராஸ்ஓவர்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பெட்டியை ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம், கிராஸ்ஓவருக்கு வாரக்கணக்கில் ஆகும். அதில் ஒரு நாளும் வீண் இல்லை.

இணையத்தில் "8 ஓம், 2,200 ஹெர்ட்ஸ்" என்று போட்டால் காயில் அளவும் கப்பாசிட்டர் அளவும் துப்பிவிடும் கணக்கிகள் உண்டு. அவற்றை நம்பிக் காயில் வாங்காதீர்கள். 8 ஓம் என்று அச்சிட்ட வூஃபரை மீட்டரில் பிடித்துப் பாருங்கள், 6 ஓம் வாக்கில் காட்டும். பாட்டு ஓடும்போது அதுவும் நிலையாக இல்லை: பெட்டியின் சுருதியில் பல மடங்கு ஏறும், பிறகு இறங்கும், மேலே போகப் போகக் காயிலின் குணத்தால் மறுபடி ஏறும். கணக்கி இதில் எதையும் பார்ப்பதில்லை. உங்கள் பெட்டியில், உங்கள் பலகையில் உட்கார்ந்த வூஃபரை மைக் வைத்து அளந்து, அந்த அளவின் மேல்தான் கிராஸ்ஓவர் வரைய வேண்டும்.

அளப்பதற்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். யூமிக்-1 போன்ற, திருத்தக் கோப்போடு வரும் யூஎஸ்பி மைக் ஒன்று வேண்டும். கிராஸ்ஓவர் வரைய விட்டூயிக்ஸ்கேட், அதுவும் இலவசம். நம் வீட்டுக் கூரை சுமார் 2.6 மீட்டர். ஸ்பீக்கரை ஸ்டூல் மேல் ஏற்றி, ட்வீட்டர் 1.3 மீட்டர் உயரத்தில், தரைக்கும் கூரைக்கும் நட்டநடுவில் நிற்கும்படி அறையின் மையத்துக்குக் கொண்டுவாருங்கள். மைக் அதே உயரத்தில், ஒரு மீட்டர் தள்ளி. தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலிக்கு 5 மில்லிவினாடி பிந்தித்தான் வரும். மென்பொருளில் அந்த 5 மில்லிவினாடியோடு வெட்டிவிட்டால் அறை அளவில் கலக்காது. 200 ஹெர்ட்ஸுக்கு மேல் கிடைப்பது ஸ்பீக்கரின் சொந்தக் குரல். அதற்குக் கீழே உள்ளதை மைக்கைக் கூம்புக்கு ஒரு செ.மீ. நெருக்கத்தில் வைத்து அளந்து இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம். குழாய் இல்லாத பெட்டி என்பதால் இந்த வேலை எளிது. ஏர்கான், மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அளங்கள்.

ட்வீட்டரை அளக்கும்போது தொடராக 10 முதல் 20 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றைப் போடாமல் ஆம்பிளிஃபயரில் கொடுக்கவே கூடாது. ஆம்பிளிஃபயரை நிறுத்தும்போது வரும் ஒரு 'டப்' போதும் அதைக் கருக்க.

இப்போது சுவருக்கு வருவோம். அலைநீளம் பெரிதான கீழ்ச் சுரங்கள் பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய்விடும். மேல் சுரங்கள் முன்பலகையில் சாய்ந்து முன்னாலேயே வரும். இந்த மாற்றத்தின் நடு இடம் தோராயமாக 115ஐ மீட்டரில் பலகையின் அகலத்தால் வகுத்தால் வரும். நம் 20.6 செ.மீ. பலகைக்கு 558 ஹெர்ட்ஸ். திறந்தவெளியில் இதற்குக் கீழே மொத்தம் 6 டெசிபல் குறையும், அதனால் வெளிநாட்டு வடிவமைப்புகளில் மேல்பாதியை 6 டெசிபல் வாக்கில் அமுக்கிச் சமன் செய்திருப்பார்கள். நம் வீட்டில் பின்னால் போன சத்தத்தைச் சுவர் திருப்பி அனுப்பிவிடுகிறது. அங்கேயும் 6 டெசிபல் அமுக்கினால் நான் தொடக்கத்தில் சொன்ன குடத்துக் குரல்தான் வரும். சுவரோரப் பெட்டிக்கு 2 முதல் 3 டெசிபல் அமுக்கினால் போதும் என்பது என் காது சொல்லும் அளவு. வூஃபருக்கு முன் வரும் தொடர்க் காயிலைச் சற்றுச் சின்னதாக எடுத்து, ட்வீட்டரை அதற்கேற்ப ரெசிஸ்டர் போட்டு இறக்கினால் இது அமைந்துவிடும். சுவரைக் கணக்கில் சேர்ப்பது என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டு உறுப்பின் அளவில்தான் இருக்கிறது.

இரண்டு உறுப்புகளும் 2,200 ஹெர்ட்ஸ் வாக்கில் ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவில், லிங்க்விட்ஸ்-ரைலி முறையில் சந்திக்கட்டும். சந்திப்பு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ட்வீட்டரின் இரண்டு வயரை மட்டும் மாற்றிக் கொடுத்து மறுபடி அளங்கள். சரியாக இருந்தால் சந்திக்கும் இடத்தில் வரைகோடு கிணறுபோல் ஆழமாக இறங்கும். மழுங்கலாக லேசாகக் குழிந்தால் இரண்டும் கட்டம் சேரவில்லை, அதாவது இரண்டின் அலைகளும் ஒன்றாக ஏறி இறங்கவில்லை. மறுபடி மென்பொருளுக்குப் போக வேண்டியதுதான். சோதித்தபின் வயரைத் திருப்பிக் கொடுக்க மறக்காதீர்கள். வூஃபரின் நேர்முனை தெரியாவிட்டால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் தெரியும்: கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் நேர்முனை பட்டதே வூஃபரின் நேர்முனை.

பலகைமேல் கட்டும்போது காயில்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கைக்கட்டைவிரல் நீளமாவது தள்ளி வையுங்கள். ஒன்று படுத்திருந்தால் அடுத்தது நிற்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறும். காயில் முனையில் அரக்குப் பூச்சைச் சுரண்டி, செம்பு பளபளத்தபின் சால்டர் வையுங்கள். சால்டர் கம்பியில் ஓடிப் பரவ வேண்டும், உருண்டையாக உட்காரக் கூடாது. ட்வீட்டர் ரெசிஸ்டரை மட்டும் இப்போதைக்குப் பெட்டிக்கு வெளியே, மாற்ற வசதியாக விட்டு வையுங்கள்.

காதால் முடிப்பது

அளவுக்கோடு நேராக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதன்பின்தான் சந்தோஷமான பகுதி. பெட்டிகளை அவற்றின் நிரந்தர இடத்தில் வையுங்கள். சுவரிலிருந்து வூஃபர் முகம் 30 செ.மீ.யில் இருந்தால், சுவரில் பட்டு வரும் ஒலி நேர் ஒலியை எதிர்க்கும் இடம் 287 ஹெர்ட்ஸ் வாக்கில் போகும். அங்கே பெட்டி முன்பக்கமே கொஞ்சம் சாய்ந்து ஒலிப்பதால் அந்தப் பள்ளம் ஆழமில்லை. 65 செ.மீ. தள்ளினால் அதே பள்ளம் 132 ஹெர்ட்ஸுக்கு, ஆண் குரலின் நெஞ்சுப் பகுதிக்கு வந்துவிடும். ஆகவே சுவரை ஒட்டியே வையுங்கள், அரைகுறையாக இழுக்காதீர்கள். அறை மூன்று மீட்டர் சதுரம் என்றால் நீளத்திலும் அகலத்திலும் ஒரே 57 ஹெர்ட்ஸ் முட்டிக்கொண்டு நிற்கும். உட்காரும் நாற்காலியை நட்டநடுவிலோ பின்சுவரை ஒட்டியோ போடாமல் சற்று முன்பின் நகர்த்திப் பாருங்கள். ஓர் அடி நகர்வில் பாஸ் மாறுவது எந்த உறுப்பை மாற்றினாலும் வராத மாற்றம்.

ட்வீட்டர் அளவை முடிக்க நான் வைத்திருப்பது தம்புரா. வெறும் தம்புரா மீட்டல் பதிவு ஒன்றைத் தணிந்த சத்தத்தில் ஓட விடுவேன். ஜீவாளி நூல் சரியாக நின்ற தம்புராவில் ஒவ்வொரு கம்பியைத் தொட்ட பின்னும் மேல் சுரங்கள் ஒவ்வொன்றாக மலர்ந்து அடங்கும். அடிச் சுரம் வூஃபரிலிருந்தும் அந்த ரீங்காரம் ட்வீட்டரிலிருந்தும் வருகிறது. இரண்டும் ஒரே கம்பியிலிருந்து எழுவதாகக் காது நம்ப வேண்டும். ட்வீட்டர் ஓங்கியிருந்தால் ரீங்காரம் தனியாகப் பிரிந்து முன்னால் வந்து நிற்கும். தாழ்ந்திருந்தால் மலர்ச்சியே இருக்காது, கம்பி வெறுமனே ஒலிக்கும். அரை ஓம் அரை ஓமாக ரெசிஸ்டரை மாற்றிக் கேளுங்கள். ஒரே நாளில் முடிவெடுக்காமல் காது புதிதாக இருக்கும் காலை நேரத்திலும் கேளுங்கள்.

அப்புறம் ஒலி 96.8 வானொலியில் செய்தி. இசை இல்லாத தனிக்குரல், தினமும் கேட்டுப் பழகிய குரல். 'ச', 'ஸ' சீறினால் ட்வீட்டர் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும். ஆண் குரல் நெஞ்சில் அதிகமாக முழங்கினால் பெட்டியை ஓரிரு செ.மீ. முன்னே நகர்த்திப் பார்த்துவிட்டு, அதன்பின்தான் கிராஸ்ஓவரைத் தொட வேண்டும். கடைசியில் நாகசுரம், சற்றுச் சத்தமாக. அது அழுத்தமாக ஊதும் பகுதி இரண்டு உறுப்புகளும் கைமாற்றிக்கொள்ளும் எல்லையைச் சுற்றித்தான் விழுகிறது. காது கூசாமல் அதைக் கேட்க முடிந்தால் சந்திப்பு பலமாக இருக்கிறது.

முன்துணி வேண்டும் என்றால் அரப் ஸ்திரீட் துணிக்கடைகளில் தேடலாம். துணியை வாயோடு சேர்த்துப் பிடித்து ஊதுங்கள், மூச்சு தடையில்லாமல் போக வேண்டும். எவ்வளவு அழகாக இருந்தாலும் மூச்சு முட்டும் துணி வேண்டாம்.

பெட்டிக்கு அடியில் மெத்தென்ற ரப்பர் கால்கள் நான்கு வையுங்கள். கன்சோல் அதிராது, கீழ் வீட்டுக்கும் நல்லது. ஒரு மாதம் ஓடியபின் வூஃபர் திருகுகளை இன்னொரு முறை மெல்ல இறுக்குங்கள், ஃபோம் பட்டை அதற்குள் அமுங்கியிருக்கும். வூஃபர் காகிதக் கூம்பு என்றால் ஊருக்குப் போய் வெகுநாள் வீடு பூட்டிக் கிடந்தபின் வந்ததும் அதைப் பாருங்கள். பூஞ்சை வெண்மையாகப் படர்ந்திருந்தால் உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, சில நாள் பாட்டு ஓட விடுங்கள். கிராஸ்ஓவர் வரைபடத்தையும் கடைசியாக நின்ற ரெசிஸ்டர் அளவையும் ஒரு தாளில் எழுதி, பின்பலகையின் உட்புறத்தில் டெர்மினலுக்கு மேலே ஒட்டிவிட்டு மூடுங்கள்.